கடல் கடந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

சென்ற மே மாதம் எங்கள் பள்ளிப் பாடற்குழுவிலிருந்து ஐந்து பேர் சிங்கப்பூர் சென்று வந்தோம். திரும்பி வந்த நாள் முதல் எங்களைக் கேள்வி கேட்காத ஆள் இல்லை. ஆறாம் வகுப்புத் தங்கைகளிலிருந்து விடுதிச் சமையற்கட்டு ஆயா வரை, “விமானத்தில் பயமாக இருந்ததா? அங்கே சோறு கிடைக்குமா? எங்களுக்கு என்ன வாங்கி வந்தீர்கள்?” என்று ஒரே கேள்வி மழை. ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி தமிழம்மா கேட்டதும், ஐவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எதை எழுதுவது, எதை விடுவது என்று ஒரு மாலை முழுவதும் சண்டை போட்டோம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். புதன் முதல் சனி வரை நடந்ததைச் சுருக்கமாக முடித்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் உள்ளபடி எழுதுவது. இதில் எவர் பெயரையும் எழுத வேண்டாம் என்று எங்களுள் ஒருத்தி கேட்டுக்கொண்டாள். அப்படியே செய்திருக்கிறோம். அவள் படித்துச் சம்மதித்த பிறகே இது அச்சுக்குப் போகிறது.

முதல் நான்கு நாட்கள் இதோ. திருச்சியில் இரவு விமானம் ஏறினோம். பயணம் சுமார் நான்கு மணி நேரம். அந்த ஊர்க் கடிகாரம் நம் கடிகாரத்தை விட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால், அவ்வளவு தூக்கத்தையும் ஆகாயத்திலேயே தொலைத்துவிட்டு இறங்கினோம். எங்களை அழைத்த பள்ளியில் இரண்டு நாட்கள் பாடினோம், கைதட்டினார்கள். அருங்காட்சியகம், விலங்குச் சாலை, கடை வீதி எல்லாம் பார்த்தோம். சிங்கத்தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். 1972-ல் அமைத்த அச்சிலை 8.6 மீட்டர் உயரம். நாள் முழுவதும் வாயிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, பாவம்! எங்கு போனாலும் சிஸ்டர் கையில் ஒரு காகிதம் இருந்தது. ஒன்பது மணிக்கு இது, பத்தேகாலுக்கு அது என்று அதில் எழுதியிருக்கும். பார்த்ததை விட ஓடியதே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அந்தக் காகிதத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அன்று எங்களோடு சுற்ற அந்தப் பள்ளித் தமிழ் மாணவிகள் இருவர் வந்தார்கள். இருவரும் உயர்நிலை மூன்றாம் வகுப்பு, எங்கள் வயதுதான். ஒருத்தி உயரமாய்க் கண்ணாடி அணிந்தவள். மற்றவள் சிறியவள், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பாள். (சூயிங் கம் அல்ல. அதை அந்நாட்டில் 1992 முதல் விற்பதற்கில்லை.) அவர்கள் பேசும் தமிழும் நம் தமிழேதான். ஆனால் வாக்கியத்தின் வாலில் ‘லா’ என்று ஓர் எழுத்து தொங்கும். டாலரை ‘வெள்ளி’ என்பார்கள். “இன்னைக்கு எங்கேயும் ஓட வேணாம் லா. சும்மா போவோம், சும்மா உட்காருவோம்” என்றாள் கண்ணாடிக்காரி. சிஸ்டரும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார்கள். எங்களுக்கு அதுவே பாதித் திருவிழா.

காலையில் ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குச் சென்றோம். தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888-ல் எழும்பிய கோவில் அது. கூரிய கோபுரத்துடன் வெண்மையாய் நிற்கிறது. முன் வரிசைகளில் பட்டுச் சேலையும் சின்னக் குழந்தைகளுமாகக் குடும்பங்கள். பின்னால் தனித்தனி ஆண்கள், தலையை நன்றாகப் படிய வாரி, மடிப்புக் கலையாத சட்டையில். நாங்கள் அறிந்த பாடலே ஒலித்தது. எங்கள் ஐந்து குரலும் தாமாகவே இரண்டாம் சுருதிக்குப் போய்விட, முன் பெஞ்சிலிருந்து ஒரு பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அங்கிருந்து தேக்காவுக்கு நடந்தே போனோம். லிட்டில் இந்தியா என்று உலகம் சொல்லும் இடத்தை அங்குள்ள தமிழர் தேக்கா என்றுதான் சொல்கிறார்கள். அது சீனரின் ஹொக்கியன் மொழிச் சொல். மூங்கில் புதரோடு சேர்ந்த பெயராம். முன்னாளில் அவ்வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. இப்போது மாடு இல்லை, பெயர்கள் மட்டும் இருக்கின்றன. பஃபலோ சாலை என்று ஒரு தெரு. அதற்கு அடுத்தாற்போல் கெர்பாவ் சாலை. ‘கெர்பாவ்’ என்றால் மலாயில் எருமை! ஆக, ஒரே எருமைக்கு இரண்டு தெரு. இதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கூடத்தில் காலை ஆகாரம். இத்தகைய கூடங்களை அங்கே ஹாக்கர் சென்டர் என்கிறார்கள். முன்பு தெருவோரம் கூவி விற்றவர்களை அரசாங்கம் ஒரு கூரையின் கீழ் கொண்டுவந்து, தண்ணீர்க் குழாயும் கடை எண்ணும் கொடுத்தது. இந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தை யுனெஸ்கோ 2020-ல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு மேசையில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று கிடந்தது. யாரோ மறந்து போய்விட்டார்கள் என்று நாங்கள் பதைக்க, சின்னவள் எங்களைத் தடுத்தாள். அப்படி வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தமாம். நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியே துண்டு போடுகிறோமே, அதேதான்! என்ன, அங்கே அதை யாரும் எடுத்து எறிவதில்லை. புரோட்டாவுக்கு அண்ணன்போல் இருக்கும் ‘பிராட்டா’வை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம், உயரத்திலிருந்து ஆற்றிய ‘தே தாரே’ குடித்தோம். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். விடுதிப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல.

பிறகு பெருவிரைவு ரயிலில் மூன்றாவது நிலையமாக வரும் தாவரத் தோட்டத்திற்குப் போனோம். நிலையப் பலகைகளில் ஆங்கிலம், சீனம், மலாய் இவற்றோடு தமிழும் இருப்பதைக் கண்டு, நாங்கள் ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படித்தோம். கூட வந்த சீனப் பாட்டி ஒருவர் எங்களைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று நினைத்திருக்கலாம்.

தோட்டத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1859-ல் தொடங்கிய தோட்டம். 82 ஹெக்டேர் பரப்பு. நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் மலர்த் தோட்டத்திற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும், நாங்கள் வாங்கவில்லை. குளக்கரையில் உடும்பு ஒன்று எங்களைச் சற்றும் மதியாமல் குறுக்கே நடந்து போனது. ‘தெம்புசு’ என்ற மாபெரும் மரம் ஒன்று தன் கிளையை யானைத் தும்பிக்கைபோல் கிடையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. சின்னவள் ஐந்து வெள்ளி நோட்டை எடுத்து மரத்தின் எதிரே பிடித்துக் காட்டினாள். அதே மரம், அதே கிளை, நோட்டின் பின்புறத்தில்!

ஆனால் எங்களை அதிக நேரம் பிடித்து நிறுத்தியது ரப்பர் மரத்தின் கதைதான். 1877-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-ல் இத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்னும் ஆங்கிலேயர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ரப்பர் பயிரிடுங்கள் என்று தோட்டக்காரத் துரைமார்களை விடாமல் துரத்தினார். அவருக்கு ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே பெயர் வந்தது. பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன, டயர் வேண்டியிருந்தது, மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அவற்றில் வேலை செய்ய நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் நம் மக்கள். “எங்க பாட்டியோட அப்பா பால்மரம் வெட்டினவர்தான்” என்றாள் கண்ணாடிக்காரி. அவளுடைய அப்பா இன்று வங்கியில் அதிகாரி. இதை அவள் பெருமையாகவும் சொல்லவில்லை, கூச்சமாகவும் சொல்லவில்லை.

மத்தியானம் மரநிழலில் புல்மேல் படுத்துவிட்டோம். சிஸ்டர் ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்ந்தார்கள். வெளிநாடு போய் ஒரு மணி நேரம் சும்மா படுத்துக் கிடந்தோம் என்று வீட்டில் சொன்னால் அடிப்பார்கள். ஆனாலும் சொல்கிறோம், அந்த ஒரு மணி நேரம் எத்தனை இன்பமாய் இருந்தது!

எழுந்ததும் சின்னவள், “சாயங்காலம் எங்க போலாம்?” என்று கேட்டாள்.

“தேக்காவுக்கே திரும்பிப் போகணும்” என்றாள் எங்களுள் ஒருத்தி.

தோழிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலமா? ஃபாரின் வொர்க்கர்ஸ் எல்லாம் வருவாங்க. ரொம்பக் கூட்டமா இருக்கும். எங்கம்மா காலையிலேயே சாமான் வாங்கிட்டு வந்துடுவாங்க.”

“எங்கப்பாவும் அங்கதான் வர்றாங்க” என்றாள் அவள்.

எங்களுக்குத் தெரிந்ததுதான், அவர்களுக்குத் தெரியாது. நான்கு நாட்களாக அவளுடைய அப்பாவைப் பற்றி யாராவது கேட்டால், “சிங்கப்பூர்லதான் வேலை” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அவர் கட்டட வேலை செய்பவர். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, 2015-ல் வந்தார். அப்போது அவளுக்கு ஐந்து வயது. கடைசியாக அவர் ஊருக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. நாங்கள் ஊரில் இருந்த நான்கு நாட்களும் அவர் வேலை முடிந்து தொழிலாளர் விடுதிக்குத் திரும்ப இரவாகிவிட்டது. அவருக்கு விடுமுறை ஞாயிறு மட்டும்தான். அவளுடைய விமானச் சீட்டுக்காக அந்த ஞாயிறுகளிலும் எத்தனையோ நாள் வேலைக்குப் போயிருக்கிறார் என்பது எங்களுக்கும் பிறகுதான் தெரிந்தது.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கண்ணாடிக்காரி எழுந்து பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். “அப்போ வாங்க. லேட்டாகிடும்” என்றாள்.

மாலை தேக்காவைச் சொல்லி முடியாது. காலையில் பார்த்த தெருவா இது என்று மலைத்தோம். விடுதிகளிலிருந்து வந்த பேருந்துகள் ஆட்களை இறக்கியபடி இருந்தன. புல்தரை தெரியாதபடி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பணம் அனுப்பும் கடைகளின் முன் நீண்ட வரிசைகள். தஞ்சாவூர்ப் பேச்சு ஒரு பக்கம், வங்காளப் பேச்சு ஒரு பக்கம். எங்கு திரும்பினாலும் ஒருவர் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, “தம்பியைக் காட்டு, தம்பியைக் காட்டு” என்கிறார். திரையில் ஒரு கூரைவீடு தெரிகிறது; கோழி தெரிகிறது; கடைசியில் தம்பியும் தெரிகிறான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வீடு இருந்தது என்றே எங்களுக்குத் தோன்றியது.

அவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். நீல நிறச் சட்டை. புதிதாக முடி வெட்டிய தடம் கழுத்தில் வெள்ளையாய்த் தெரிந்தது. மகளைக் கண்டதும் ஓடி வரவில்லை. அவளும் ஓடவில்லை. “வளந்துட்ட, ஆத்தா” என்றார். “நீங்க மெலிஞ்சுட்டீங்கப்பா” என்றாள். அவ்வளவுதான். பிறகு சிஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டார். எங்களை, “வாங்க தாயி, வாங்க” என்று ஒவ்வொருவராக அழைத்தார்.

எல்லோருக்கும் பிரியாணி வாங்கி வந்து வைத்துவிட்டு, தான் சாப்பிட்டாயிற்று என்றார். சிஸ்டர் அதை நம்பவில்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் கேட்கும் அதே குரலில், “உட்காருங்க” என்றார்கள். உட்கார்ந்துவிட்டார்! பணம் கொடுக்கச் சிஸ்டர் பையைத் திறந்தபோது மட்டும் அவர் கேட்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் நான்காய் மடித்த ஐந்து வெள்ளி நோட்டுகளை எடுத்து எண்ணினார். சின்னவள் ஒரு நோட்டைத் திருப்பி மரத்தைக் காட்டினாள். காலையில் அதன் கீழேதான் நின்றோம் என்றாள். அவர் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “பத்து வருஷமா இதை ஊருக்கு அனுப்புறேன். இதுல மரம் இருக்குன்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று சிரித்தார்.

இரவில் ஒளிவிளக்கு மரங்கள் இருக்கும் கடலோரப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அவரும் வருவதாகச் சொன்னார். பத்து வருடத்தில் அவரும் அதைப் பார்த்ததில்லையாம். லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, அவுட்ரம் பார்க்கில் இறங்கி மாறினோம். பெட்டியில் இடம் காலியாக இருந்தும் அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். “சைட்ல இருந்து வர்றப்ப உடுப்பெல்லாம் சிமிண்டா இருக்கும். பக்கத்துல உக்காந்தா யாராவது சங்கடப்படுவாங்க. நின்னே பழகிப்போச்சு” என்றார். கண்ணாடிக்காரி தன் பக்கத்து இருக்கையில் கையை வைத்து, “அங்கிள், இது நான் உங்களுக்குப் பிடிச்ச இடம். டிஷ்யூ இல்லாததால கையை வச்சிருக்கேன் லா” என்றாள். அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, உட்கார்ந்தார்.

அடுத்த நிலையம் மேக்ஸ்வெல். கதவு திறக்குமுன் அவர் எழுந்து, “சிஸ்டர், அஞ்சு நிமிஷம் இங்கே இறங்கலாங்களா?” என்று கேட்டார். இறங்கினோம். 2022 நவம்பரில் திறந்த நிலையம் அது. பளபளவென்று இருக்கிறது. இதைக் கட்டும்போது இரண்டு வருடம் அவர் இங்கே கம்பி கட்டினாராம். 2020-ல் கொரோனா வந்து வேலை நின்றதும், மாதக்கணக்கில் விடுதி அறையை விட்டு வெளியே வர முடியாமல் இருந்ததும் இந்த வேலையின் நடுவில்தான். திறப்பு நாளன்று அவர் வேறு எங்கோ வேறொரு குழியில் இருந்தார். பயணியாக அவர் இங்கே கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை.

சுவரில் உள்ளங்கையை வைத்தார். “இதுக்குள்ள இருக்கு” என்றார்.

“என்னப்பா?”

“நான் கட்டுன கம்பி. கான்கிரீட் ஊத்தி, அதுக்கு மேல இந்தப் பலகையைப் போட்டு மூடியாச்சு. இனி யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியக் கூடாது, ஆத்தா. தெரிஞ்சா வேலை சரியில்லைன்னு அர்த்தம்.”

அவள் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். சின்னவளும் வைத்தாள். பிறகு நாங்கள் எல்லோரும் வைத்தோம். அங்கே வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சுவரில் என்ன விசேஷம் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் சொல்லவில்லை.

கார்டன்ஸ் பை த பே என்னும் அந்தப் பூங்கா 2012-ல் திறந்தது. இரும்பாலும் கான்கிரீட்டாலும் செய்து, மேலே செடிகளைப் படரவிட்ட 18 செயற்கை மரங்கள் அங்கே இருக்கின்றன. 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் உயரம் வரை. இரவு ஏழேமுக்காலுக்கும் எட்டேமுக்காலுக்கும் இசைக்கு ஏற்ப அவை நிறம் மாறும். பார்க்கக் கட்டணம் இல்லை. தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள் தோழிகள். படுத்தோம். வாத்தியங்கள் எழுந்தன. ஊதா, பொன், இளஞ்சிவப்பு என்று ஒளி மரத்துக்கு மரம் தாவியது. ஆகா! பொங்கலும் கிறிஸ்துமசும் ஒரே இரவில் வந்ததுபோல் இருந்தது. மகிழ்ச்சியில் அவர் பக்கம் திரும்பினோம்.

அவர் தூங்கிவிட்டிருந்தார். கைகளை மார்பில் கோத்து, வாயைச் சற்றே திறந்து, அத்தனை ஒளிக்கும் சத்தத்திற்கும் நடுவில். மகள் எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். காட்சி முடிந்து கூட்டம் கலைந்தது. நாங்கள் எழவில்லை. சின்னவளை அவள் அம்மா தொலைபேசியில் அழைத்தார். “இன்னொரு தடவை பாத்துட்டு வர்றேன்மா” என்று அவள் காதோடு கிசுகிசுத்தாள். எட்டேமுக்கால் காட்சியையும் பார்த்தோம். அவர் அதிலும் எழுந்திருக்கவில்லை. முடிவில் எல்லோரும் கைதட்டியபோதுதான் திடுக்கிட்டு உட்கார்ந்து, “ரொம்ப நல்லா இருந்துச்சு, தாயி” என்றார். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு தயங்கித் தயங்கிச் சிஸ்டரிடம் கேட்டார். பிள்ளைகள் பாட வந்ததாகச் சொன்னார்கள். வேலை நாளாக இருந்ததால் கேட்க வர முடியவில்லை. ஒரே ஒரு பாட்டு பாடினால் பிடித்துக்கொண்டு போய் அறையில் இருக்கும் பையன்களுக்குக் காட்டுவேன் என்றார். சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். விடியற்காலையில் விமானம். ஒரு கணம் யோசித்து, கடிகாரத்தின் மேல் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, “மெதுவாகப் பாடுங்கள்” என்றார்கள்.

எழுந்து நின்று அரைவட்டமானோம். அவள் வழக்கம்போல் நடுவில் நின்றாள். தோழிகள் இருவரும் அவருக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் போதாதென்று கண்ணாடிக்காரி தன் கைப்பேசி விளக்கை எங்கள் பக்கம் பிடித்தாள். நாங்கள் பாடி முடித்தோம். அவர் தம் கைப்பேசியை இறக்கவில்லை.

“இன்னொண்ணு பாடுங்க, தாயி. பேட்டரி இருக்கு” என்றார்.